பாடசாலையும் தொழிலும்: இலங்கைச் சட்டங்களின் வழியே ஒரு பின்னோக்கு

எமது பழைய மாணவிகள் சங்கம் நூறாவது ஆண்டை நிறைவுசெய்யும் இவ்வேளையில், மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க்குழுவினர் கேட்டிருந்தார்கள். வைத்தியர் என்பதால் நீரிழிவு பற்றியோ இரத்த அழுத்தம் பற்றியோ எழுதுவேன் என்று அவர்கள் நினைத்திருக்கக்கூடும். ஆனால் என் மனதில் நின்றது எங்கள் ஒன்பதாம் வகுப்பு வாழ்க்கைத் திறன் பாடமும், என் பக்கத்து மேசைத் தோழியும்தான்.

அப்போது யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் படித்துவிட்டு வந்து, வகுப்பில் பல்ப் ஹோல்டருக்கு வயர் பூட்டப் பழகினோம். எங்களில் பலருக்கு அது புள்ளிக்காகச் செய்யும் வேலை. என் தோழிக்கோ அது விளையாட்டு. வீட்டில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்கும் வித்தையை அவள்தான் எனக்குக் காட்டித் தந்தாள். பின்னர் உயர்தரத்தில் இரண்டு முறை தோற்றியும் அவளுக்குப் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. அத்தோடு அவளுடைய கல்வி முடிந்ததாக எல்லோரும் எடுத்துக்கொண்டோம்.

பாடசாலைக் கல்வியைத் தொழிலோடு இணைக்கும் முயற்சி எமது நாட்டுக்குப் புதிதன்று. 1930களில் கண்டிக்கு அருகிலுள்ள ஹந்தெஸ்ஸவில், கிராமத்து வாழ்வையும் பயிர்ச்செய்கையையும் கைப்பணியையும் பாடங்களோடு சேர்க்கும் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. அன்றைய கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அதற்கு ஆதரவளித்தார். எனினும் ஆங்கிலப் பாடசாலையில் படித்தவருக்கே அரச உத்தியோகம் கிடைத்த காலம் அது. "எங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் மண்வெட்டியா?" என்று பெற்றோர் கேட்டதில் நியாயம் இருந்தது.

1939 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டமே இன்றும் எமது பாடசாலைக் கல்விக்கு அடிப்படை. 1943 இல் வெளிவந்த கன்னங்கரா குழுவின் அறிக்கையை இலவசக் கல்விக்காக நினைவுகூர்கிறோம். பிள்ளைகளின் நாட்டத்தைப் பார்த்து ஏட்டுக் கல்விக்கும் செய்முறைக் கல்விக்கும் வெவ்வேறு பாடசாலைகள் வேண்டும் என்றும் அதே அறிக்கை சொன்னது. 1945 இல் இலவசக் கல்வி வந்தது. செய்முறைப் பாடசாலைகள் பற்றிய பகுதி ஏட்டில் நின்றுவிட்டது.

அடுத்த பெரிய முயற்சி 1971 ஏப்ரல் இளைஞர் கிளர்ச்சியின் பின் வந்தது. படித்த இளைஞரின் எதிர்பார்ப்புக்கும் நாட்டிலிருந்த வேலைகளுக்கும் பொருத்தமில்லை என்று, டட்லி சீயர்ஸ் தலைமையில் வந்த சர்வதேச தொழிலாளர் தாபனக் குழு அவ்வாண்டே சுட்டிக்காட்டியது. தொழிற்கூடங்களில் பயிலுனரைச் சேர்க்க 49 ஆம் இலக்கத் தேசிய பயிலுனர் சட்டம் இயற்றப்பட்டதும் 1971 இல்தான். 1972 இல் பாடசாலைகளுக்குள் தொழில் முன்னிலைப் பாடங்கள் நுழைந்தன. நெசவு, மட்பாண்டம், மீன்பிடி, விவசாயம் என அவ்வவ் ஊருக்கேற்ற தொழில் பாடமாயிற்று. க.பொ.த. சாதாரண தரத்துக்குப் பதிலாகத் தேசிய கல்விப் பொதுத் தராதரப் பத்திரம் வந்தது. எமது மூத்த சகோதரிகள் சிலர் அந்தப் பரீட்சை எழுதியவர்கள்.

அதுவும் நிலைக்கவில்லை. போதிய பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லை, கருவிகள் இல்லை. எம்மவருக்கு இன்னொரு காரணமும் இருந்தது. பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் புகுந்ததும் அதே ஆண்டுகளில்தான். மேலே போகும் கதவு ஒடுங்கும்போது பிள்ளையின் கையில் தறியைக் கொடுத்தால், அதைப் பெற்றோர் கல்வியாகப் பார்ப்பார்களா? 1977 இல் ஆட்சி மாறியது. பழைய பரீட்சைகள் திரும்பி வந்தன. எண்பதுகளில் வாழ்க்கைத் திறன் என்ற பெயரில் ஒரு சிறு பகுதி மீண்டும் தலைகாட்டியது. என் தோழி வயர் பூட்டியது அந்தப் பாடத்தில்தான்.

1965 இல் கானா நாட்டை ஆராய்ந்த பிலிப் பொஸ்டர் என்ற அறிஞர், தொழிற்பாடம் வைப்பதால் மட்டும் மாணவரின் விருப்பம் மாறாது என்று எழுதினார். சம்பளமும் மதிப்பும் எங்கே இருக்கின்றனவோ அங்கேயே பிள்ளைகள் போவார்கள் என்பது அவர் வாதம். ஹந்தெஸ்ஸவுக்கும் 1972 க்கும் அது அப்படியே பொருந்துகிறது. பெற்றோரின் வீண்பெருமையே காரணம் என்று நாம் சொல்லிக்கொள்வது சரியல்ல.

பின்னர் சட்டங்கள் பாடசாலைக்கு வெளியே வளர்ந்தன. 1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்க மூன்றாம் நிலை, தொழிற்கல்விச் சட்டம் இத்துறைக்கென ஓர் ஆணைக்குழுவை உருவாக்கியது. அதே ஆண்டில்தான் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. தொழிற்பயிற்சி அதிகாரசபையை நிறுவிய 12 ஆம் இலக்கச் சட்டம் 1995 இல் வந்தது. அவ்வருடம் ஒக்டோபர் கடைசியில் நாங்கள் மூட்டை முடிச்சுகளுடன் தென்மராட்சி நோக்கி நடந்துகொண்டிருந்தோம். சட்டம் கொழும்பில் இருந்தது; நாங்கள் கைதடிப் பாலத்தில் நின்றோம்.

போர் மட்டுமே காரணம் என்று சொல்லிவிடவும் முடியாது. இச்சட்டங்கள் நிறுவனங்களைத் தோற்றுவித்தன. ஆனால் பத்தாம் வகுப்பில் இருக்கும் ஒரு பிள்ளையிடம் "உனக்கு இந்த வழியும் உண்டு" என்று சொல்லும் வேலை, சுற்றறிக்கைகளுக்கும் ஆசிரியர் சிலரின் நல்லெண்ணத்துக்கும் விடப்பட்டது. பாடசாலை ஓர் அமைச்சின் கீழும் தொழிற்பயிற்சி இன்னோர் அமைச்சின் கீழும் இருந்த காலங்களில் இந்த இடைவெளி மேலும் அகன்றது.

இன்று நிலைமை ஓரளவு மாறியிருக்கிறது. தேசிய தொழிற்தகைமை ஏழு மட்டங்களாக ஒழுங்குசெய்யப்பட்டுள்ளது. 2008 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கச் சட்டத்தின்படி தொழில்நுட்பவியற் பல்கலைக்கழகம் ஒன்று இரத்மலானையில் இயங்குவதால், பயிற்சி நிலையத்தில் தொடங்கிய ஒருவர் பட்டம் வரை போகலாம். 2013 இல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு வந்தது. 2016 இல் கட்டாயக் கல்வி வயது பதினாறாக உயர்ந்தது. 2017 இல் தொடங்கிய பதின்மூன்று ஆண்டு உத்தரவாதக் கல்வித் திட்டம், சாதாரண தரத்தில் சித்தியடையாத பிள்ளைக்கும் தொழிற்பிரிவில் தொடரும் வழியைத் திறந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் என் தோழியைத் தற்செயலாகக் கண்டேன். தாயாரை கிளினிக்குக்குக் கூட்டிவந்திருந்தாள். தையல் இயந்திரம் திருத்திக் குடும்பத்தைப் பார்க்கிறாளாம். தானாகப் பழகிய தொழில். அன்று எங்கள் விடுதியில் பழுதான இயந்திரம் ஒன்றை இளைஞர் ஒருவர் கழற்றிக்கொண்டிருந்தார். தொழிற்பயிற்சி பெற்று வந்தவர். அந்த இயந்திரம் ஓடாவிட்டால் என் படிப்பால் நோயாளிக்குப் பெரிய பயன் இல்லை. அவள் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "இதுக்கும் ஒரு படிப்பு இருக்கெண்டு எங்களுக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

எமது மண்டபத்துச் சுவரில் வைத்தியர், பொறியியலாளர் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. என் பெயரும் அங்கே உண்டு. அதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் என்னோடு படித்த வகுப்பில் பெரும்பாலானோர் அந்தச் சுவரில் இல்லை. அவர்களும் இக்கல்லூரியின் பிள்ளைகள்தான்.

எனவே சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நூற்றாண்டின் நினைவாக, ஆண்டுக்கு ஒரு நாள், பத்தாம் வகுப்பு மாணவிகளுக்கும் அவர்களின் பெற்றோருக்கும் எல்லாத் தொழில் வழிகளையும் எடுத்துச் சொல்லும் நாளாக அமையட்டும். பேச வருவோர் எமது பழைய மாணவிகளாகவே இருக்கட்டும். சுவரில் பெயர் உள்ளவர்களும், இல்லாதவர்களும். என் தோழியிடம் கேட்டேன். கூச்சப்பட்டாள், பிறகு, கூப்பிட்டால் வருவேன் என்றாள்.