பெயர் சொல்லாப் பாவம் பகிரங்கக் குற்றமான வரலாறு: டச்சுக் குடியரசில் 1730-ஆம் ஆண்டு வழக்குகள்

உத்ரெக்ட் நகரத்துப் பேராலயத்தின் நடுமண்டபம் 1674-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்துச் சூறாவளியில் இடிந்து வீழ்ந்தபின், கோபுரம் ஒருபுறமும் பலிபீடப் பகுதி மறுபுறமுமாகத் தனித்து நிற்க, இடையில் கிடந்த இடிபாடுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரையில் அகற்றப்படாமலே கிடந்தன. அந்தக் கோபுரத்தில் ஆடவர் சிலர் தகாத முறையில் நடந்துகொள்கின்றனர் என்று ஆலயக் காவலர் 1730-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் கொடுத்த புகாரே, ஐரோப்பிய வரலாற்றில் ஒருபால் வேட்கைக்கு எதிராக நிகழ்ந்த மிகக் கொடிய வேட்டைகளுள் ஒன்றுக்குத் தொடக்கமாயிற்று. பிடிபட்டவர்களின் வாக்குமூலங்களின் வழியே சக்கரியாஸ் வில்ஸ்மா என்னும் முன்னாள் போர்வீரன் அகப்பட்டான். அவன் நாடெங்கும் சுற்றித் திரிந்தவன் ஆதலின், அவன் வாயிலிருந்து வெளிவந்த பெயர்கள் உத்ரெக்டோடு நில்லாமல் ஹேக், ஆம்ஸ்டர்டாம் முதலிய ஹாலந்து நகரங்களுக்கும் பரவின. ஒரு நகரத்து நியாயாதிபதிகள் மற்றொரு நகரத்துக்குக் கடிதம் எழுதினர். கைதானவன் ஒவ்வொருவனும் மேலும் சிலரைக் காட்டிக்கொடுக்கும்படி நிர்ப்பந்திக்கப்பட்டான். இரண்டாண்டுக்குள் நூற்றுக்கணக்கானோர்மீது வழக்குத் தொடரப்பட்டு, பலர் கொலைத்தண்டனை பெற்றனர்.

கிறிஸ்தவ ஐரோப்பாவில் தொன்றுதொட்டு நிலவிய வெறுப்பின் இயல்பான விளைவு இது என்று கூறி அமைந்துவிடுதல் எளிது. அவ்விளக்கம் எனக்கு நிறைவளிக்கவில்லை. ஏனெனில் வெறுப்பு பழையதாயினும் வேட்டை புதியது. பேரரசர் ஐந்தாம் சார்லஸ் 1532-இல் வெளியிட்ட குற்றவியற் சட்டத்தின் 116-ஆவது பிரிவு, ஆணோடு ஆண் கூடுதலுக்கு நெருப்பிலிட்டு எரிக்கும் தண்டனையை விதித்திருந்தது. எனினும் பதினேழாம் நூற்றாண்டு முழுவதும், ஓவியமும் வாணிபமும் செழித்தோங்கிய அந்தக் குடியரசில், இக்குற்றத்துக்காக நடந்த வழக்குகள் மிகச் சிலவே. விவிலியம் கூறும் சோதோம் நகரத்தின் பாவம் கிறிஸ்தவர்களுக்கிடையே பெயர் சொல்லவும் தகாதது என்றும், மக்கள் வழக்கில் ‘ஊமைப் பாவம்’ என்றும் கருதப்பட்டமையால், தண்டனை நிறைவேற்றும் வேளையிலும் நியாயஸ்தலங்கள் அதனை மறைத்தே செய்தன. சிறைச்சுவர்களுக்குள் இரகசியமாகக் கழுத்தை நெரித்துக் கொன்று, செய்தி வெளியே பரவாமல் பார்த்துக்கொள்வதே அந்நாளைய வழக்கமாக இருந்தது. அறியாதவன் காதில் இது விழுந்தால் அவனுக்கும் அந்த ஆசை உண்டாகிவிடும் என்னும் அச்சமே இந்த மௌனத்துக்குக் காரணம்.

அந்த அச்சத்தின் அடியில் இருந்த கருத்தை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். அக்காலத்துப் பாதிரிமார் இதனை ஒருவகை மனிதனுக்கே உரிய தனி இயல்பாகக் கொள்ளவில்லை. அளவுக்கு மீறிய உணவு, மது, சூதாட்டம், சோம்பல், பரத்தையர் கூட்டம் என்று படிப்படியாக இறங்கும் மனிதன், இறுதியில் எதிலும் நிறைவு காணாதவனாய் இந்தப் பாதாளத்தில் வந்து விழுகிறான் என்பதே அவர்களது கொள்கை. ஆகவே எவனும் இதில் விழக்கூடும். செல்வம் மிகுந்த நாடு எளிதில் விழக்கூடும். 1713-ஆம் ஆண்டு உத்ரெக்ட் உடன்படிக்கைக்குப் பின்னர்க் குடியரசின் வாணிப வலிமையும் அரசியல் செல்வாக்கும் தேயத் தொடங்கியபோது, முன்னோரின் எளிய வாழ்வைக் கைவிட்டு ஆடம்பரத்தில் மூழ்கியதற்காகக் கர்த்தர் தம்மைத் தண்டிக்கிறார் என்ற எண்ணம் மேடைதோறும் ஒலித்தது. அவ்வுடன்படிக்கைக்காக வந்து தங்கிய அயல்நாட்டுத் தூதர்களே இந்தப் பாவத்தை இங்கே கொணர்ந்து விதைத்தனர் என்று சொன்னவர்களும் உண்டு. தம் நாட்டில் காணப்படும் வேண்டாத ஒன்றை அந்நியன் தலையில் ஏற்றுதல் எத்தேசத்தாருக்கும் புதிதன்று.

இத்தகைய மனநிலையில் இருந்த அரசாங்கத்தின் கையில், ஊர் ஊராகத் தொடர்புகொண்ட மனிதர்களின் நீண்ட பெயர்ப்பட்டியல் ஒன்று வந்து சேர்ந்தபோது, பழைய மௌனம் நீடிக்க இயலாமற் போயிற்று. தனித்தனிப் பாவிகள் என்று எண்ணியிருந்த இடத்தில் ஒரு கூட்டமே இருப்பதைக் கண்டு ஆள்வோர் அதிர்ந்தனர். ஹாலந்து மாகாண சபை 1730-ஆம் ஆண்டு ஜூலை 21-ஆம் நாள் பிரசுரித்த கட்டளை, மற்றக் கொடுங்குற்றங்களைப் போலவே இதற்கும் மக்கள் முன்னிலையில் மரண தண்டனை நிறைவேற்றப்படவேண்டும் என்று விதித்தது. தண்டனையின் முறையைத் தீர்மானிக்கும் உரிமை நியாயாதிபதிகளுக்கு விடப்பட்டது. சிலர் தூக்கிலிடப்பட்டனர், சிலர் கழுத்து நெரிக்கப்பட்டு எரிக்கப்பட்டனர், சிலர் மேடைமீது வைத்த நீர்ப்பீப்பாயில் தலையை அமிழ்த்திக் கொல்லப்பட்டனர். நாட்டைவிட்டு ஓடியவர்களின் பெயர்கள் பகிரங்கமாக அறிவிக்கப்பட்டன. லியோனார்ட் பேல்ஸ் என்னும் ஆம்ஸ்டர்டாம் பாதிரியார் சோதோமின் பாவத்தையும் அதன் தண்டனையையும் பற்றி அவ்வாண்டிலேயே நூல் எழுதி வெளியிட்டார். வாயால் சொல்லவும் கூடாது என்றிருந்தது, சில மாதங்களுக்குள் துண்டுப் பிரசுரங்களிலும் பாடல்களிலும் தெருத் தெருவாக விற்கப்படும் பொருளாயிற்று.

இந்த வேட்டையின் மிகக் கறைபடிந்த அத்தியாயம் வடக்கே க்ரோனிங்கன் மாகாணத்தில், ஃபான் என்னும் சிற்றூரைச் சுற்றி நிகழ்ந்தது. ரூடால்ஃப் தெ மெப்ஸ்கெ என்ற கிராமப் பிரபு அங்கே நியாயாதிபதியாகவும் இருந்தார். ஃபான் பைலர் என்னும் அவ்வூர்ப்புறத்துப் பாதிரியார் இப்பாவத்தைக் கண்டித்து நூலெழுதிச் சினமூட்டிக்கொண்டிருக்க, தெ மெப்ஸ்கெ 1731-இல் குடியானவர்களையும் சிறுவர்களையும் பிடித்துச் சித்திரவதை செய்து வாக்குமூலம் பெற்றார். செப்டம்பர் 24-ஆம் நாள் ஸைட்ஹார்ன் என்னுமிடத்தில் 20-க்கு மேற்பட்டோர் ஒரே நாளில் கொல்லப்பட்டு எரிக்கப்பட்டனர். அவர்களுள் பதின்பருவம் தாண்டாதவர்களும் இருந்தனர். தம் எதிர்க்கட்சிக் குடும்பத்தைச் சார்ந்தவர்களை ஒழிக்க இச்சந்தர்ப்பத்தை அவர் பயன்படுத்திக்கொண்டார் என்னும் ஐயம் அக்காலத்திலேயே எழுந்தது. டச்சுச் சட்டப்படி குற்றவாளி தானே ஒப்புக்கொண்டாலன்றி மரண தண்டனை விதிப்பது அரிது. ஆகவே வாக்குமூலம் பெறும் ஆவல் சித்திரவதைக்கு வாயிலாயிற்று. நீதியைக் காக்க ஏற்பட்ட விதியே இவ்வாறு அந்த எளிய மக்களின் உயிரைக் குடித்ததை எண்ணும்போது நெஞ்சம் பதைக்கிறது.

இதே காலத்தில் குடியரசின் கடற்கரை அணைகளைத் தாங்கிய மரத்தூண்களை ஒருவகைக் கடற்புழு துளைத்தழித்திருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. கடல்மட்டத்துக்குத் தாழ்ந்த நிலத்தில் வாழும் மக்களுக்கு இதைவிடப் பெரிய பீதி வேறொன்றில்லை. சோதோமை நெருப்பால் அழித்த தேவன் ஹாலந்தை நீரால் அழிக்கத் துணிந்துவிட்டார் என்று பிரசங்கிகள் முழங்கினர். வேட்டைக்குப் புழு காரணம் அன்று, அது முன்னரே தொடங்கிவிட்டது. எனினும் நடந்த கொலைகளுக்குத் தெய்வ சம்மதம் உண்டு என மக்கள் நம்புவதற்கு அது துணைசெய்தது.

அந்தக் குடியரசின் கிழக்கிந்தியக் கம்பெனி சென்ற இடங்களிலெல்லாம் இப்பாவத்தைத் தண்டிக்கும் சட்டமும் சென்றது. சயாம் நாட்டைப் பற்றி நூலெழுதிப் புகழ்பெற்ற யோஸ்ட் ஸ்கௌட்டன் 1644-இல் இக்குற்றத்துக்காகப் பத்தேவியாவில் கொல்லப்பட்டார். 1735-இல் நன்னம்பிக்கை முனையை அடுத்த ராபன் தீவின் கைதிகள் இருவர், ரைக்ஹார்ட் யாக்கப்ஸ் என்னும் டச்சுக்காரரும் கிளாஸ் பிளாங்க் என்னும் கொய்கொய் இனத்தவரும், கடலில் மூழ்கடிக்கப்பட்டனர். நாகப்பட்டினத்தையும் யாழ்ப்பாணத்தையும் 1658-இல் கைப்பற்றி ஆண்டதும் இதே கம்பெனிதான் என்பதைத் தமிழ் வாசகர் நினைவிற்கொள்ளலாம்.

இனி, டச்சு நியாயஸ்தலங்களின் வழக்கேடுகள் தம்மையறியாமல் சொல்லும் மற்றொரு செய்தி உண்டு. என் கருத்தில் அதுவே முதன்மையானது. எழுதியவர்கள் பகைவர்கள், பேசியவர்கள் வதைபட்டவர்கள். எனினும் அவற்றினூடே ஒரு சமூகத்தின் உருவம் தெரிகிறது. பணியாட்கள், தையற்காரர், வணிகர், போர்வீரர், பிரபுக்கள் எனப் பல நிலையினர் ஒருவரையொருவர் அறிந்திருந்தனர். ஹேக் நகரத்துக் குளக்கரைச் சாலைகளிலும், ஆம்ஸ்டர்டாமின் பெருமைமிக்க நகர மண்டபத்திலும், குறிப்புச் சைகைகளால் அடையாளம் கண்டு பழகினர். சிலரிடையே காதற்கடிதங்களும் இருந்தன. தேயோ ஃபான் தெர் மேர் முதலிய ஆராய்ச்சியாளர் இவ்வேடுகளைத் துருவி ஆராய்ந்து, பதினெட்டாம் நூற்றாண்டு செல்லச் செல்ல, இவ்வாசை தம் பிறப்போடு வந்தது என்று கூறத் துணிந்தவர்களும் தோன்றினர் எனக் காட்டியுள்ளனர். பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவமே ஒருபால் வேட்கை கொண்டவனைத் தனி இனமாக வகுத்தது என்று 1976-இல் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் மிஷெல் ஃபூக்கோ உரைத்ததைப் பலரும் ஏற்றனர். மருத்துவர்கள் பெயரிடுவதற்கு நூறாண்டு முன்னரே அம்மனிதர்கள் தம்மைத் தாமே அறிந்துகொள்ள முயன்றனர் என்பதற்கு இந்த ஏடுகளே சாட்சி. 1726-இல் இலண்டன் ஹோபர்ன் பகுதியில் மார்கரெட் கிளாப் என்பவள் நடத்திய விடுதி சோதனையிடப்பட்டு, மூவர் டைபர்னில் தூக்கிலிடப்பட்ட வழக்கிலும் இத்தகைய கூட்டுறவின் தடயமே கிடைக்கிறது.

டச்சுக் குடியரசில் 1760-களிலும் 1770-களிலும் மீண்டும் கைதுகள் நிகழ்ந்தன. ஆனால் 1764-இல் குற்றத்தையும் தண்டனையையும் பற்றி இத்தாலிய அறிஞர் பெக்காரியா எழுதிய நூல் வெளிவந்தபின் தண்டனை பற்றிய எண்ணங்கள் மாறத் தொடங்கின. 1777-இல் ஆம்ஸ்டர்டாமில் ஆசிரியர் பெயரின்றி வெளியான ஒரு சிறுநூல், இக்குற்றத்துக்கு மரணம் பொருந்தாது என்று வாதாடியது. அந்நூலாசிரியரும் அதனை இழிவென்றே கருதினார் என்பதை மறைப்பதற்கில்லை. 1790-களில் ஆம்ஸ்டர்டாம் நியாயஸ்தலம், அதுவரை பெரிதும் கவனியாதிருந்த பெண்களையும் விசாரித்து, சுமார் 12 பேரைச் சிறையிட்டது.

விடுதலை நாட்டின் மனமாற்றத்தால் வரவில்லை. 1791-இல் பிரெஞ்சுப் புரட்சிச் சட்டம் இக்குற்றத்தைத் தன் ஏட்டிலிருந்து நீக்கியிருந்தது. நெப்போலியன் நெதர்லாந்தைத் தன் பேரரசோடு இணைத்தபின், 1811-இல் பிரெஞ்சுத் தண்டனைச் சட்டம் அங்கே நடைமுறைக்கு வந்தமையால், பழைய சட்டம் யாரும் வாதிடாமலே மறைந்தது. இங்கிலாந்தோ எட்டாம் ஹென்றி 1533-இல் இயற்றிய சட்டத்தின் வழியை விடாது பற்றி, 1835-ஆம் ஆண்டு வரையில் தூக்கிலிட்டு வந்தது. அதன் வித்தே 1860-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவாகவும், 1883-இல் இலங்கைச் சட்டத்தின் 365-ஆவது பிரிவாகவும் முளைத்தது. நெதர்லாந்திலும் அந்த மௌன விடுதலை முழுமையாக நிலைக்கவில்லை. 1911-இல் சேர்க்கப்பட்ட 248 பிஸ் என்னும் பிரிவு, ஆண் பெண் உறவுக்கு 16 வயதை எல்லையாக வைத்துவிட்டு, ஒருபால் உறவுக்கு மட்டும் 21 வயதை விதித்தது; அது நீக்கப்பட்டது 1971-இல்.