அளவறியாக் கூறையும் அளவெடுத்த அங்கியும்

மணமகளின் உடைக்கு உடலளவு பார்க்கும் வழக்கம் நம்மிடையே எவ்வாறு வந்தது என்பது சிறிய வினாவாகத் தோன்றலாம். எனினும், அவ்வுடையை யார் கொடுக்கலாம் என்னும் உரிமையும் இவ்வினாவோடு பிணைந்து கிடக்கின்றது. இதனை ஆராய மட்டக்களப்பு வாவிக் கரையினும் பொருத்தமான இடம் அரிது. அளவின்றி உடுக்கும் கூறைச் சேலையும், உடலளந்து வெட்டித் தைக்கும் வெள்ளை அங்கியும் அங்கே அயலயலாக வழங்கி வருகின்றன.

முதலிற் கூறையைக் கொள்வோம். இந்துத் தமிழர் திருமணத்திற் கூறை மணமகன் வீட்டார் கொணர்வது. அதனைப் பெற்ற மணமகள் உள்ளே சென்று உடுத்து மீண்டு வந்த பின்னரே தாலி ஏறும். கிழக்கிலங்கை முஸ்லிம்களிடத்தும் மணமகளுக்குக் கூறை அளிக்கும் வழக்கம் உண்டு. பெண்ணின் தோளகலமும் இடைச்சுற்றும் அறியாதார் அத்துணியை எங்ஙனம் தெரிந்து வாங்குகின்றனர்? அறிய வேண்டுவதில்லை என்பதே விடை. நெசவாளன் அளப்பது துணியை, உடலையன்று. முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை ஒரு முழம், ஏறத்தாழ 18 அங்குலம். 12 முழச் சேலையை மெலிந்தவள் உடுத்தினாற் கொய்சகம் மிகும். பருத்தவள் உடுத்தினாற் குறையும். உயரம் குறைந்தவளாயின் இடுப்பிற் செருகும் பகுதி சற்று நீளும். உடலுக்கு உடல் உள்ள வேறுபாடு முழுவதையும் மடிப்பே ஏற்றுக்கொள்கின்றது. தாயின் கூறை மகளுக்கும் ஆகும்.

இதனால் தமிழர் தையலை அறியாதவர் என்று கொள்ளற்க. சிலப்பதிகாரம் புகார் நகரத் தொழிலாளருள் துன்னகாரரையும் சேர்த்துச் சொல்கின்றது. துன்னகாரர் தையற்காரரே. தையலை அறிந்திருந்தும் மணத்துக்குரிய சேலையைக் கத்தரி படாத முழுத்துணியாகவே கொண்டனர்.

1628 இற் போர்த்துக்கேயர் புளியந்தீவிற் கோட்டை கட்டினர். 1638 இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். கோட்டை பத்தாண்டிற் கைமாறிற்று, சொற்கள் கைமாறவில்லை. பொத்தான், றேந்தை, லேஞ்சி, களிசான், சப்பாத்து என நாம் நாள்தோறும் வழங்குவன எல்லாம் போர்த்துக்கேயச் சொற்களின் வழி வந்தவையே. உடலுக்கேற்ப வெட்டித் தைக்கும் உடையோடு எத்துணை நெருங்கிய சொற்கள் இவை என்பதை நேயர்கள் கருதிப் பார்க்கலாம். போர்த்துக்கேய வழியினரான மட்டக்களப்புப் பறங்கியர் கத்தோலிக்க சமயத்தையும், போர்த்துக்கேயத்தின் கலப்பு மொழியொன்றையும், கப்ரிஞ்ஞா ஆடலையும் போற்றி வந்தவர்கள். தச்சு, இரும்பு வேலை முதலிய கைத்தொழில்களாற் பெயர் பெற்றவர்கள்.

அவர்தம் மணமகள் அணியும் வெள்ளை அங்கியும் போர்த்துக்கேயர் காலத்து எச்சமே என்பாருளர். அஃது எனக்கு உடன்பாடன்று. அங்கியின் வெட்டு ஐரோப்பியருடையது என்பது மெய்யே. ஆயின் ஐரோப்பாவிலேயே மணமகளுக்கு வெண்மை பெருவழக்கானது, 1840 இல் விக்டோரியா அரசி வெள்ளைப் பட்டும் றேந்தையும் அணிந்து மணம் புரிந்த பின்னரே. கோட்டை கட்டியவர்களின் காலத்துக்கும் அதற்கும் இடையே இருநூறு ஆண்டுகள் உள்ளன.

அளவுநாடா பரவுமுன் மேனாட்டுத் தையற்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு தாட்கீற்று வைத்து, அதில் அளவுகளை வெட்டுக்குறியால் அடையாளமிட்டனர். பின்னர் தையல் இயந்திரம் தோன்றிற்று. சிங்கர் நிறுவனம் 1877 இல் இலங்கையில் வணிகம் தொடங்கியது. சேலையோடு தைத்த சட்டை அணிவதும் பெருவழக்கானது. இங்கேதான் பழைய கொடை முறை சிக்குண்டது. கூறையை அளவறியாமற் கொடுக்கலாம்; சட்டையை அவ்வாறு கொடுத்தல் இயலாது. மணமகன் வீட்டார் சட்டைத்துணியை முன்னரே அனுப்ப வேண்டும். அன்றேல் பெண் வீட்டாரே தைப்பித்துக் கொள்ளல் வேண்டும்.

அளவு ஒருத்திக்கு உரியதாக இருந்த காலமும் மாறியது. அமெரிக்க அரசினர் 1939 இலும் 1940 இலும் ஏறத்தாழ 15,000 பெண்களை அளப்பித்து, அதன் வழி ஆயத்த உடைகளுக்கு எண் வகுக்க முற்பட்டனர். கணக்கிற் கொள்ளப்பட்டவர் வெள்ளையினப் பெண்கள் மட்டுமே. 1958 இல் வெளியான அந்நாட்டு அளவுத்தரம் 1983 இற் கைவிடப்பட்டது; எனினும் உடையில் எண் பொறிக்கும் வழக்கம் நின்றபாடில்லை. பிறநாட்டு உடலுக்கு வகுத்த எண்ணுள் தன் உடல் அடங்கவில்லை என்று நம் பெண்ணொருத்தி மணநாளை எண்ணி வருந்துவாளாயின், அக்குறை அவளுடையதன்று.

ஆயத்த அங்கியை வாங்கினும் வாடகைக்கு எடுப்பினும், மார்பு, இடை, இடுப்பு ஆகிய மூன்றனுள் மிகப் பெரிய அளவுக்குப் பொருந்துவதையே தெரிதல் வேண்டும். மிகுதியைப் பிடித்துத் தைக்கலாம். இல்லாத துணியைத் தையற்காரர் எங்கிருந்து கொணர்வார்? புதிதாகத் தைப்பதாயின் முதலில் தளர்த்தியாக நூலோட்டி, உடுத்து அமர்ந்தும் கையுயர்த்தியும் பார்த்த பின்னரே இறுதித் தையல் இடுதல் நன்று. கீழ்விளிம்பை மணநாளில் அணியும் சப்பாத்தோடு நின்றே அளத்தல் வேண்டும். பக்கத் தையலினுள் ஓர் அங்குலத் துணியை வெட்டாமல் விட்டுவைத்தால், பின்னொரு நாள் தங்கைக்கு வேண்டும்பொழுது பிரித்துத் தளர்த்திக் கொள்ளலாம்.