ஆய்ச்சியர் குளிர்வித்த தெய்வம்

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குச் செல்லும் கரையோர வீதியில், வாகரையைக் கடந்து வெருகலாற்றை அணுகுமுன் வருவது கதிரவெளி. கிழக்கே கடல்; மேற்கே களப்பும் பற்றைக்காடும். சங்கப் புலவர் நெய்தல் என்றும் முல்லை என்றும் வகுத்த நிலங்கள் இங்கு அடுத்தடுத்துக் கிடக்கின்றன. பெருங்கற்கால ஈமக்கற்கள் காணப்படும் இடத்தை ஊரார் 'குரங்குபடையெடுத்த வேம்பு' என்பர். பெயரைக் கேட்டதுமே இராமகாதை நினைவுக்கு வருகிறது. நிலத்தின்மீது புராணம் படிவது இப்படித்தான்.

ஆயர் பாடல்களிலும் இதுவே நிகழ்ந்தது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் தியோகிரிட்டஸ் சிசிலித் தீவின் இடையரைக் கிரேக்கத்தில் பாடினார். இருநூறு ஆண்டுகளின் பின் உரோமக் கவி வேர்ஜில் அவரைப் பின்பற்றினார். அவர்களுடைய மேய்ச்சல் நிலத்தில் நாணற்குழல் ஊதும் பான் என்னும் தெய்வம் உலவியது. நம் தொல்காப்பியரோ முல்லைக்கு மாயோனைத் தெய்வமாக வைத்தார்.

சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில் கவிதை, புராணம், இசை, கூத்து ஆகிய நான்கும் ஒன்றாகின்றன. பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை, ஏற்றின் கண்களில் நீர். தீங்கு வருமென்று அஞ்சிய மதுரை ஆயர்சேரி மகளிர் எழுவர், ஏழு சுரங்களின் பெயர் தாங்கிக் கைகோத்து ஆடுகின்றனர். கண்ணனும் பலதேவனும் நப்பின்னையும் அந்த ஆட்டத்துள் இறங்கிவிடுகின்றனர். சிலம்பின் இசைக்குறிப்புகளை ஆராய்ந்து 1947இல் 'யாழ்நூல்' தந்தவர் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் என்பது கிழக்கிலங்கைக்குப் பெருமை.

அதனினும் பெரிது ஒன்றுண்டு. ஐரோப்பாவில் ஆயர் பாடல் நகரத்தார் கற்பனையாகி ஏட்டில் தங்கிவிட்டது. மட்டக்களப்பில் அது இன்னும் வழிபாடாக வாழ்கிறது. மதுரையை எரித்துச் சினம் தணியாது வந்த கண்ணகியை ஆய்ச்சியர் குளிர்வித்தனர் என்பது இம்மண்ணின் மரபு. வைகாசிதோறும் கண்ணகி கோயில்களில் 'கண்ணகி வழக்குரை' பாடிக் குளிர்த்தி நடத்துகின்றனர். மழை பொழியவும் நோய் அகலவும் மன்றாடுகின்றனர்.

ஆனால் பாட்டு வாழ மாடு வேண்டும். மாடு வாழத் தரை வேண்டும். 2006 நவம்பர் 8 அன்று, இடம்பெயர்ந்தோர் தஞ்சம் புகுந்திருந்த கதிரவெளிப் பாடசாலைமீது இராணுவத்தின் எறிகணைகள் வீழ்ந்து 40இற்கும் மேற்பட்ட பொதுமக்கள் மாண்டனர். போர் 2009இல் முடிந்தது. எனினும் மாவட்டத்தின் மேற்கெல்லையிலுள்ள மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைகளில் வெளியார் பயிர்செய்வதாகவும் தம் மாடுகள் கொல்லப்படுவதாகவும் முறையிட்ட பண்ணையாளர், 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் தொடர் போராட்டத்தில் அமர்ந்தனர்.

முல்லைத்திணையை நாம் பாடநூலில் படிக்கிறோம். அங்கே அதற்காக வீதியோரத்தில் அமர்ந்திருந்தார்கள். குரவை ஆடிய மகளிர் கண்ட தீக்குறிகள் கற்பனையல்ல. பட்டிக்காரர் அவற்றை நேரில் கண்டவர்கள். தெய்வத்தின் சினத்தையே தணித்த கைகளுக்கு மேய்ச்சல் தரையையேனும் விட்டுவைக்க வேண்டாமா?