குட்டித் தேவதையும் பசைத்தாளும்

இன்னிக்குக் கொஞ்சம் கூச்சமான விஷயம். ஜப்பானில் பல தலைமுறைப் பிள்ளைகளுக்கு, பாலர் பள்ளியிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை, ஒரு சோதனை இருந்தது. காலையில் எழுந்ததும், கழிவறைக்குப் போறதுக்கு முன்னாடியே, அம்மா ஒரு பசைத்தாளை ஆசனவாயில் அழுத்தி எடுப்பாங்க. மறுநாளும் அதே. அதை உறையில் போட்டுப் பள்ளிக்குக் கொடுத்தனுப்பணும். எப்படி ஒட்டுவது என்று காட்ட, ஒரு குட்டித் தேவதையின் படம் இருக்கும்.

கதை போருக்குப் பிறகு தொடங்குது. அப்போ ஜப்பானியரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் வயிற்றில் நாக்குப்பூச்சி. காரணம், காய்கறி வயலுக்கு மனித மலம்தான் எரு. அங்கே தங்கியிருந்த அமெரிக்க ராணுவம் அந்தக் கீரைகளுக்குப் பயந்து, டோக்கியோ பக்கத்துல சோஃபுவில் மண்ணே இல்லாமல் தண்ணீரில் காய்கறி வளர்த்தது! பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு கடற்பாசியைக் காய்ச்சிய கஷாயம் கொடுத்தாங்க. அதிலிருந்து பிரித்த கைனிக் அமிலம் பின்னாடி மருந்தாவே வந்துச்சு. 1958-ல் வந்த பள்ளிச் சுகாதாரச் சட்டத்தோடு புழு முட்டைப் பரிசோதனை கட்டாயமாச்சு. ரசாயன உரமும் பரவவே, நாக்குப்பூச்சி மளமளன்னு குறைஞ்சுது.

ஆனா கீரிப்பூச்சி குறையலை. ஏன்னா அதுக்கு மண்ணே தேவையில்லை. நாக்குப்பூச்சி முட்டை மண்ணில் சில வாரம் கிடந்து முதிரணும். கீரிப்பூச்சி முட்டைக்குச் சில மணி நேரம் போதும். பெண் புழு ராத்திரி வெளியே வந்து ஆசனவாயைச் சுற்றி முட்டையிடும். குழந்தை சொறியும், நகத்தில் ஒட்டும், அந்த விரல் வாய்க்குப் போகும், இல்லை பக்கத்துப் பிள்ளையின் பொம்மைக்குப் போகும். பாலர் பள்ளியை விட வசதியான இடம் அதுக்கு ஏது? மலத்தைச் சோதித்தாலும் பெரும்பாலும் முட்டை தெரியாது. அதனால்தான் பசைத்தாள், 1941-லேயே அமெரிக்காவில் கிரஹாம் என்பவர் எழுதி வைத்த முறை.

முட்டை இருந்தால் வீட்டில் எல்லோருக்கும் மருந்து. மருந்து புழுவைத்தான் கொல்லும், முட்டையை அல்ல. அதனால் இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை. எந்தப் பிள்ளைக்கு இருக்குன்னு வகுப்புக்குத் தெரிஞ்சா அவமானம் வேற. இத்தனைக்கும் இது அழுக்கு வீட்டு நோய் இல்லை.

1958-ல் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளில் சுமார் 29 சதவீதத்தினரிடம் ஏதோ ஒரு புழு முட்டை இருந்தது. கடைசிப் பத்தாண்டில் ஒரு சதவீதத்துக்கும் கீழே. 2016 மார்ச்சோடு கட்டாயச் சோதனை முடிந்தது. தெற்கே சில பகுதிகளில் மட்டும் இன்னும் கொஞ்சம் கூடுதலா இருந்ததால, அங்கே தொடர்ந்து கவனிக்கச் சொல்லிட்டுத்தான் அரசு விதியை எடுத்தது.