ஆஞ்சலிகா ரோசெயானுவும் மகளிர் மேசைப்பந்தின் காலமாற்றமும் (1936–1957)

முன்னுரை

உலக மேசைப்பந்துப் போட்டியில் மகளிர் ஒற்றையர் பட்டத்தைத் தொடர்ந்து ஆறு முறை வென்றவர் ஒருவரே: ருமேனியாவின் ஆஞ்சலிகா ரோசெயானு. 1950 முதல் 1955 வரை அந்தப் பட்டம் வேறு எவர் கைக்கும் போகவில்லை. அவருக்கு முன் ஹங்கேரியின் மரியா மெட்னியான்ஸ்கி ஐந்து முறை வென்றிருந்தார். ஆடவர் ஒற்றையரில் விக்டர் பார்னாவின் எண்ணிக்கையும் ஐந்தே. இவ்வளவு பெரிய சாதனை இன்று பெரும்பாலும் ஒரு பட்டியலின் வரியாகவே நினைவில் நிற்கிறது. அந்த வெற்றிகள் எத்தகைய தடைகளுக்குப் பின், எத்தகைய மாற்றங்களுக்கு நடுவே கிடைத்தன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

1930களின் ஆட்டம்

ரோசெயானு ஆடத் தொடங்கிய காலத்தில் மேசைப்பந்து ஐரோப்பாவின் விளையாட்டாக இருந்தது. அதிலும் ஹங்கேரியின் கை ஓங்கியிருந்தது. புள்ளிகள் பதித்த ரப்பர் ஒட்டிய மட்டையே வழக்கத்தில் இருந்தது. பந்தின் வேகம் குறைவு, வலையோ உயரம். அதனால் மேசையைவிட்டுத் தள்ளி நின்று வெட்டித் திருப்பும் தற்காப்பு ஆட்டமே பாதுகாப்பான வழியாகக் கருதப்பட்டது. 1936 பிராக் போட்டியில் ஒரே ஒரு புள்ளிக்காகப் பந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் மேசையைக் கடந்துகொண்டே இருந்தது. 1937இல் பாடனில் நடந்த மகளிர் இறுதியாட்டம் குறித்த நேரத்துக்குள் முடியவில்லை. அமெரிக்காவின் ரூத் ஆரன்ஸ், ஆஸ்திரியாவின் ட்ரூடி பிரிட்ஸி இருவரும் தகுதிநீக்கம் செய்யப்பட்டனர். பட்டம் எவருக்கும் வழங்கப்படவில்லை. 2001இல்தான் இருவரும் இணை வெற்றியாளர்களாக அறிவிக்கப்பட்டனர். இந்தத் தேக்கத்தை உடைக்க வலையின் உயரம் ஏறத்தாழ 17 செ.மீ.யிலிருந்து 15.25 செ.மீ.யாகக் குறைக்கப்பட்டது. தற்காப்பை மட்டும் நம்பியவர்களுக்கு இது பின்னடைவு. தற்காப்பும் தாக்குதலும் ஒருங்கே கைவந்தவர்களுக்கு நல்வாய்ப்பு. ரோசெயானு இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவர். பொறுமையாக வெட்டித் திருப்பியபடியே எதிராளியின் பந்து சற்று உயர்ந்த கணத்தில் பாய்ந்து அடிப்பது அவர் பாணி.

தடை ஆண்டுகள்

1921 அக்டோபர் 15 அன்று புக்கரெஸ்டில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்த அவரது இயற்பெயர் ஆஞ்சலிகா அடெல்ஸ்டைன். சிறுவயதில் நோயிலிருந்து தேறி வீட்டிலிருந்த நாட்களில் அண்ணனுடன் ஆடிப் பழகியதே தொடக்கம். 1936இல் ருமேனியாவின் தேசியப் பட்டத்தையும் 1938இல் ஹங்கேரி ஓப்பன் பட்டத்தையும் வென்றார். அப்படி வளர்ந்துவந்த ஆட்டத்தை 1940இல் யூத எதிர்ப்புச் சட்டங்கள் நிறுத்தின. 1944 வரை சொந்த நகரின் விளையாட்டுக் கூடங்களில் கால் வைக்கவும் அவருக்கு அனுமதி இல்லை.

1940 முதல் 1946 வரை உலகப் போட்டியே நடக்கவில்லையே, அவர் எதை இழந்தார் என்று கேட்கலாம். பட்டத்தை மட்டும் கணக்கிட்டால் அக்கேள்வி சரியே. ஆனால் ஆட்டக்காரரின் கை பயிற்சியில்தான் உருவாகிறது. 19 வயது முதல் 23 வயது வரையிலான பருவம் ஒருவரது திறன் வேகமாகக் கூர்மையடையும் பருவம். போர் எல்லோரிடமிருந்தும் போட்டிகளைப் பறித்தது. சட்டமோ அவரிடமிருந்து மேசையையே பறித்தது. இந்த வேறுபாட்டை வரலாறு மறக்கலாகாது. முதல் உலக ஒற்றையர் பட்டத்தை அவர் 28 வயதில்தான் வென்றார் என்பதை இதனோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

புடாபெஸ்ட் முதல் உட்ரெக்ட் வரை

1950இல் புடாபெஸ்டில் உள்ளூர் வீராங்கனை கீசெல்லா ஃபார்காஷைத் தோற்கடித்து அவர் பட்டம் வென்றார். 1951இல் வியன்னா, 1952இல் பம்பாய், 1953இல் புக்கரெஸ்ட் என அடுத்த மூன்று இறுதிகளிலும் எதிரில் நின்றவர் அதே ஃபார்காஷ்தான். அந்த ஃபார்காஷோடு கைகோத்தே 1953இல் மகளிர் இரட்டையர் பட்டத்தையும் வென்றார். சொந்த ஊரில் நடந்த அந்தப் போட்டியில் ஒற்றையர், இரட்டையர், ஃபெரென்ஸ் சீடோவுடன் கலப்பு இரட்டையர், கார்பிலான் கோப்பைக்கான குழுப் பட்டம் ஆகிய நான்கும் அவர் வசமாயின. ஒரு காலத்தில் அவரை வாசலில் நிறுத்திய அதே நகரம் இந்த வெற்றிகளைக் கொண்டாடியது.

பம்பாய்ப் போட்டி இந்த ஆய்வில் தனி இடம் பெறுகிறது. ஆசியாவில் நடந்த முதல் உலகப் போட்டி அது. ஜப்பானின் ஹிரோஜி சாடோ தடித்த ஸ்பாஞ்சு ஒட்டிய மட்டையுடன் வந்தார். ரப்பர் மட்டையில் பந்து படும்போது எழும் ‘டக்’ ஒலியை வைத்தே அடியின் வேகத்தைக் கணித்துப் பழகிய ஐரோப்பியர்கள், ஓசையின்றி விரைந்துவந்த பந்தின் முன் தடுமாறினர். மொத்தமிருந்த ஏழு பட்டங்களில் நான்கை ஜப்பான் அள்ளியது. மகளிர் குழுப் பட்டமும் ருமேனியாவின் கையைவிட்டுப் போனது. எஞ்சிய மூன்றில் இரண்டு, அதாவது மகளிர் ஒற்றையரும் கலப்பு இரட்டையரும், ரோசெயானு வென்றவை. 1954இல் லண்டன் வெம்ப்ளியில் அவர் இறுதியில் வீழ்த்தியவர் ஜப்பானின் யோஷிகோ தனாகா. 1955இல் உட்ரெக்டில் ஆஸ்திரியாவின் லிண்டே வெர்டலை வென்று ஆறாவது பட்டத்தை எட்டினார்.

எல்லைக் கோடு

1956இல் டோக்கியோவில் ஒற்றையர் பட்டம் ஜப்பானின் டோமி ஒகாவாவுக்குச் சென்றது. அங்கும் எல்லா ஸெல்லருடன் இரட்டையரிலும் குழுப் போட்டியிலும் ரோசெயானு வென்றார். ஒற்றையரில் ஆறு, மகளிர் இரட்டையரில் மூன்று, கலப்பு இரட்டையரில் மூன்று, குழுவில் ஐந்து என உலகத் தங்கங்கள் மொத்தம் 17. தடை ஆண்டுகள் நீங்கலாக 1957 வரை ருமேனியாவின் தேசியப் பட்டமும் அவரிடமே இருந்தது. 1960இல் இஸ்ரேலில் குடியேறி, 1961இல் மக்கபியா விளையாட்டுகளில் வென்றார். 2006இல் காலமானார்.

முடிவுரை

ரோசெயானுவை ஐரோப்பிய ரப்பர் மட்டைக் காலத்தின் கடைசி அரசி என்று மட்டும் சொல்வது குறைமதிப்பீடு. ஸ்பாஞ்சு மட்டை ஆடவர் பட்டத்தைக் கவர்ந்த பிறகும் அவர் மேலும் மூன்று முறை ஒற்றையர் பட்டம் வென்றார். ஆகவே கருவி மாற்றம் மட்டுமே ஆட்டத்தின் தலைவிதியைத் தீர்மானித்தது என்ற கருத்தை அவர் வாழ்க்கை மறுக்கிறது. புதிய ஆட்டமுறையைப் படித்துத் தன் ஆட்டத்தைத் தகவமைத்துக்கொண்ட அறிவுக்கும் அதில் பங்குண்டு. 1955க்குப் பிறகு ஆசியாவுக்கு வெளியிலிருந்து எந்த வீராங்கனையும் உலக மகளிர் ஒற்றையர் பட்டத்தை வென்றதில்லை.