மெழுகுதிரிக்கு முந்தின பிறந்தநாள்கள்



தமிழ் வகுப்பில் படிக்கிற ஒன்பது வயதுப் பிள்ளை ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "அக்கா, சால் எடுக்காட்டி அது பிறந்தநாளா?" அவளுடைய சிநேகிதிகளுக்கு மண்டபம், ஐந்து தட்டுக் கேக், வீடியோக்காரர் எல்லாம் உண்டு. அவளுடைய வீட்டில் இந்த வருசம் ஒன்றும் இல்லை. அப்பா றெஸ்ரோறன்றில் வேலை, ஞாயிறும் லீவு இல்லை. அவளுடைய கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருந்தது: நாங்கள் வசதியில்லாத ஆக்களா? வில்லியே லே பெல்லிலும் சார்செல்லிலும் இதை மனதுக்குள் வைத்திருக்கிற பிள்ளைகள் நிறையப் பேர் இருப்பீர்கள். அதனால் அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் கூட்டி இங்கே எழுதுகிறேன். கதை தூரம் போகும், பொறுமையாக வாசியுங்கோ.

தமிழில் பிறந்தநாளைப் பற்றிய மிகப் பழைய குறிப்புகளில் ஒன்று தொல்காப்பியத்தில் இருக்கிறது. அங்கே அது அரசனின் பிறந்தநாள். பெயர் 'பெருமங்கலம்'. அன்றைக்கு அரசன் கோபத்தை விட்டுவிட வேண்டும். வெள்ளை உடுப்பு உடுத்துவான், சிறையில் இருக்கிறவர்களை விடுவிப்பான் என்று பின்னால் வந்த உரையாசிரியர்கள் விளக்கம் சொல்கிறார்கள். கவனியுங்கோ, பிறந்தநாள்காரன் பரிசு வாங்கவில்லை, மற்றவர்களுக்கு விடுதலை கொடுத்தான்.

ஆயிரம் வருசத்துக்கு முந்திய முதலாம் இராசராச சோழனுக்கு வருவோம். அவன் பிறந்தது ஐப்பசி மாதம் சதய நட்சத்திரத்தில். கன்னியாகுமரிப் பக்கம் திருநந்திக்கரையில் ஒரு குகைக் கோயில் இருக்கிறது. அந்த ஐப்பசிச் சதயத்தில் அங்கே விழா நடத்த ஏற்பாடு செய்ததைக் கல்வெட்டு சொல்கிறது. தஞ்சாவூரில் இன்றைக்கும் சதய விழா நடக்கிறது. இத்தனை பெரிய அரசனின் பிறந்தநாளும் கோயிலில்தான், சாமிக்கு விழாவாகத்தான் நடந்தது.

அரசர்கள் இப்படி. சாதாரண வீட்டுப் பிள்ளைகளுக்கு? எங்கள் யாழ்ப்பாணத்து வழக்கம் எனக்கு நல்லாய்ப் பிடித்தது. அங்கே வருசத்தை எண்ணுவதைவிடப் பிள்ளை வளருகிற படிகளைத்தான் கொண்டாடினார்கள். பிறந்து 31ஆம் நாள் துடக்குக் கழிப்பு. பல்லு முளைத்தால் பல்லுக்கொழுக்கட்டை. கொழுக்கட்டையின் ஓரத்தில் தேங்காய்ச் சொட்டுகளைப் பல்லு மாதிரிக் குத்தி அவிப்பார்கள். பிள்ளையை இருத்தி, தலைக்கு மேல் வெள்ளைத் துணி பிடித்துக் கொழுக்கட்டையைக் கொட்டுவார்கள். முன்னால் புத்தகம், பேனை, நகை என்று சாமான்கள் பரப்பியிருக்கும். பிள்ளை எதைத் தூக்குகிறது என்று எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். (நான் கரண்டியைத் தூக்கினேனாம். அம்மம்மா இன்னும் சொல்லிச் சிரிப்பா.) பிறகு விசயதசமிக்கு ஏடு தொடக்கல். இதிலே ஒன்றுக்கும் மண்டபம் தேவைப்படவில்லை, அயலட்டை ஆக்கள் போதும்.

பிறந்தநாள் வந்தால் தலைக்கு வார்த்து, கோயிலுக்குப் போய் அர்ச்சனை, வீட்டில் பாயாசம். லா சப்பலில் 1985இல் தொடங்கிய மாணிக்க விநாயகர் ஆலயத்தில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். அர்ச்சனைக்கு ஐயர் பெயரையும் நட்சத்திரத்தையும்தான் கேட்பார், திகதியைக் கேட்க மாட்டார். சந்திரன் ஒரு நட்சத்திரத்துக்குத் திரும்பி வர ஏறக்குறைய 27 நாள் ஆகும். அதனால் நட்சத்திரப் பிறந்தநாள் ஒவ்வொரு வருசமும் வேறு திகதியில் வரும். உங்கள் எல்லாருக்கும் இரண்டு பிறந்தநாள் இருக்கிறது என்று இதற்கு அர்த்தம்!

பிரெஞ்சுக்காரரும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தார்கள் என்றால் நம்புவீர்களா? பிறந்த திகதியை விட, தங்கள் பெயருக்குரிய புனிதரின் நாளைத்தான் கத்தோலிக்கர்கள் கொண்டாடினார்கள். 'பொன் ஃபெத்' என்று இன்றைக்கும் சொல்கிறார்களே, அது அந்த வழக்கம்தான். தபால்காரர் கொண்டுவருகிற கலண்டரில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பெயர் இருக்கிறதும் அதனால்தான். லூயி அரசர்களுக்கு ஓகஸ்ட் 25, புனித லூயி நாள். புரட்சிக்காரர் 1793இல் புதுக் கலண்டர் போட்டபோது புனிதர்களைத் தூக்கிவிட்டுச் செடி, மிருகம், மண்வெட்டி எல்லாம் வைத்தார்கள். ஒருநாள் கரட் நாள். நெப்போலியனோ ஒரு படி மேலே போனான். தான் பிறந்த ஓகஸ்ட் 15ஐ 1806இல் 'புனித நெப்போலியன்' நாளாக்கி நாட்டையே கொண்டாட வைத்தான். சால் எடுக்கிறவர்கள் அவனிடம் தோற்றுப் போவார்கள்.

கேக்கில் மெழுகுதிரி 18ஆம் நூற்றாண்டு ஜேர்மனியில் இருந்து வந்தது. நாங்கள் பாடுகிற பாட்டின் மெட்டு இன்னும் புதிது. அமெரிக்காவில் ஹில் சகோதரிகள் இருவர் 1893இல் வெளியிட்டது. காலையில் வகுப்பில் வணக்கம் சொல்லுகிற பாட்டாகத்தான் அது பிறந்தது. பிறகு பிறந்தநாள் சொற்கள் ஏறின. ஒரு கொம்பனி அதற்கு நீண்ட காலம் காசு வாங்கிக்கொண்டிருந்தது. 2015இல் அமெரிக்க நீதிமன்றம் அந்த உரிமை செல்லாது என்று சொன்னது. ஆகவே நீங்கள் கேட்கிற 'உண்மையான பேத்டே' எங்கள் அப்பப்பாவின் அப்பப்பா காலத்துச் சங்கதிதான்.

இனி யாழ்ப்பாணத்துக் கதை ஒன்று. தெல்லிப்பழை துர்க்கை அம்மன் கோயிலைப் பொறுப்பாக நடத்தியவர் தங்கம்மா அப்பாக்குட்டி. ஆசிரியை, பெரிய பேச்சாளர். ஆதரவில்லாத பெண் பிள்ளைகளுக்காகத் துர்க்காபுரம் மகளிர் இல்லத்தையும் நடத்தினார். அவர் பிறந்தது 1925 ஜனவரி 7. அந்த நாளைக் கோயிலில் 'அறக்கொடை விழா' என்று நடத்தினார்கள். தேவைப்பட்டவர்களுக்கும் நிறுவனங்களுக்கும் உதவி கொடுக்கிறதுதான் விழா. 2008இல் அவர் காலமானார், அந்த விழா நிற்கவில்லை.

எங்கள் ஆக்கள் பலர் இப்போது பிள்ளையின் பிறந்தநாளுக்கு ஊரில் ஒரு சிறுவர் இல்லத்துக்கு மதியச் சாப்பாட்டுக்குக் காசு அனுப்புகிறார்கள். நல்ல விசயம்தான். ஆனால் அங்கே சாப்பிடுகிற பிள்ளைகளுக்குப் பின்னால் பாரிஸ் பிள்ளையின் படம் போட்ட பனர் கட்டி, படம் எடுத்து முகநூலில் போடுகிறது எனக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கும் பிறந்தநாள் இருக்கிறது. அனுப்பும்போது அப்பாவிடம் சொல்லுங்கோ, படம் வேண்டாம் என்று.

கேக் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, எனக்குச் சொக்கலா கேக் என்றால் உயிர். வீட்டில் நாலு பேரோடு வெட்டினாலும் அதே ருசிதான். முதலில் உங்கள் நட்சத்திரம் என்ன, எந்தத் தமிழ் மாதம் என்று கண்டுபிடியுங்கோ. அம்மாவுக்குத் தெரியாவிட்டால் ஊரில் அம்மம்மாவுக்குப் போன் எடுங்கோ. அங்கே எங்களை விடக் கோடையில் மூன்றரை மணித்தியாலம், குளிர்காலத்தில் நாலரை மணித்தியாலம் முன்னுக்கு. இரவு எட்டு மணிக்கு எடுத்து அவவை எழுப்பிவிடாதேங்கோ.