ஓய்வுநாளும் ஏலமலை உழைப்பாளரும்

போடிநாயக்கனூரில் பொழுது புலருமுன்பே ஜீப்புகள் நிரம்பிவிடுகின்றன. நம் தாய்மாரும் தமக்கையரும் தூக்குவாளியில் சோறு எடுத்துக்கொண்டு, போடிமெட்டு வளைவுகளில் ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத் தோட்டங்களுக்குச் செல்கின்றனர். பொழுது சாயத் திரும்புகின்றனர். கிறித்தவரின் அன்றாட வாழ்வில் ஓய்வின் பொருள் யாது என ஆராய்வோர் இம்மக்களிடமிருந்தே தொடங்குதல் தகும். ஏனெனில் ஓய்வுநாட் கட்டளை அளிக்கப்பெற்றதே அடிமைத்தளையிலிருந்து மீண்ட மக்களுக்குத்தான்.

எகிப்தில் செங்கல் அறுத்த எபிரேயர் தம் இறைவனை வழிபடச் சில நாள் விடுப்புக் கேட்டனர். பார்வோன் அவர்களைச் சோம்பேறிகள் என ஏசி, வைக்கோல் கொடாமலே பழைய கணக்கிற் செங்கல் கேட்டான். விடுதலைக்குப்பின் வந்த ஓய்வுநாட் கட்டளைக்கு வேதம் இரு காரணங்கள் காட்டுகிறது. யாத்திராகமம் படைப்பின் ஏழாம் நாளைச் சுட்டுகிறது. உபாகமமோ முன்னாள் அடிமைத்தனத்தை நினைப்பூட்டி, வேலைக்காரரும் வீட்டாரோடு ஒப்ப இளைப்பாற வேண்டுமென வலியுறுத்துகிறது. எருதுக்கும் கழுதைக்குங்கூட அதில் பங்குண்டு.

ஆயினும் இவ்வோய்வு நிலத்தில் உழைப்பவரை வந்தடைய நெடுங்காலம் ஆயிற்று. கி.பி. 321-இல் உரோமைப் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஞாயிறு ஓய்வைச் சட்டமாக்கியபோது, நீதிபதிகளுக்கும் நகர மாந்தருக்கும் அதனை விதித்தார். உழவுத் தொழிலுக்கு மட்டும் விலக்களித்தார். பருவம் தவறலாகாது என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம்.

நம் ஏலமலை முன்னாளில் திருவிதாங்கூர் அரசுக்கு உட்பட்டிருந்தது. அவ்வரசில் 1855-இல் அடிமைமுறை ஒழிக்கப்படும்வரை, புலையரும் பறையரும் விற்கவும் ஈடுவைக்கவும் பெற்றனர். 1854-இல் மல்லப்பள்ளியில் ஜார்ஜ் மாத்தன் என்னும் மலையாளக் குருவானவர் தெய்வத்தான் என்னும் அடிமைக்கு ஆபேல் எனப் பெயரிட்டு ஞானஸ்நானம் அளித்தார். ஞாயிறன்று வழிபடக் கூடிய அடிமைகள் ஆண்டைகளின் சினத்துக்கு ஆளாயினர். ஏழில் ஒரு நாளேனும் தம் உடல் ஆண்டைக்கு உரியதன்று என்பதை அவர்கள் அவ்வழிபாட்டிற் கண்டனர். ஓய்வு அவர்களுக்கு வழிபாடாகவும் விடுதலையாகவும் ஒருங்கே அமைந்தது.

சட்டத்தின் வரலாறும் இதனையொத்ததே. பம்பாயில் ஜோதிராவ் பூலேயின் வழிவந்த நாராயண் மேகாஜி லோகாண்டே நடத்திய போராட்டத்தால் 1890-இல் ஆலைத் தொழிலாளர் ஞாயிறு விடுமுறை பெற்றனர். 1891-ஆம் ஆண்டுச் சட்டம் ஆலைகளுக்கு வார விடுமுறையை உறுதிசெய்தது. டாக்டர் அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினராயிருந்த காலத்தில், 1946-இல், ஆண்டு முழுவதும் இயங்கும் ஆலைகளில் வார வேலைநேரம் 48 மணியாகக் குறைந்தது. தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-இல் நிறைவேறியது. வார ஓய்வுக்கும் இடைவேளைக்கும் அது வழிசெய்தது. எனினும் அதன் மூலவாசகம் பெயர்சொல்லிக் குறித்த பயிர்கள் தேயிலை, காப்பி, ரப்பர், சின்கோனா என்னும் நான்கே. ஏலத்தின் பெயர் 1981-ஆம் ஆண்டுத் திருத்தத்தாலேயே அதில் ஏறிற்று. நாம் உழைத்த பயிர் முப்பது ஆண்டுகள் காத்திருந்தது.

ஏலத் தொழிலின் இயல்பையும் ஈண்டு அறிதல் வேண்டும். காய் ஒருசேர முற்றுவதில்லை. பருவத்தில் 30 முதல் 45 நாளுக்கு ஒருமுறை சுற்றுச் சுற்றாக எடுக்க வேண்டும். எடுத்த காயைக் காலந்தாழ்த்தாது ஸ்டோரில் உலர்த்த வேண்டும். நாட்கூலி பெறுவோர்க்கு ஓய்வென்பது கூலியிழப்பாகவும் முடிகிறது. வேலையில்லா ஞாயிறும் பெண்களுக்குத் துணி துவைத்தலிலும் தண்ணீர் சுமத்தலிலும் கழிகிறது.

ஏலக்காய் செடியின் அடியில், தரையையொட்டிய சரத்திற் காய்ப்பது. அதனை எடுப்போர் நாளெல்லாம் குனிந்திருத்தல் வேண்டும். பதினெட்டாண்டு நிமிர மாட்டாது கூனியிருந்த ஒரு பெண்ணை இயேசு ஓய்வுநாளில் நிமிரச் செய்ததாக லூக்கா எழுதுகிறார். ஜெப ஆலயத் தலைவன் சினந்தான். மற்ற ஆறு நாட்களில் வந்து குணமடையலாமே என்றான். இயேசு அதனை ஏற்கவில்லை. குனிந்தவர் நிமிர்வதற்கு ஓய்வுநாளினும் தகுந்த நாள் வேறு யாது? ஓய்வின் ஆன்மிக மதிப்பை இந்நிகழ்ச்சி விளக்குகிறது. நாம் மட்டும் இளைப்பாறி, நம் வீட்டுப் பெண்ணைக் குனிந்திருக்க விடுவோமாயின், நாம் ஓய்வுநாளைக் காத்தவராக மாட்டோம்.

யூபிலி என்னுஞ் சொல் லேவியராகமத்தில் ஐம்பதாம் ஆண்டைக் குறிப்பது. நிலம் ஓய்வுகொள்ளவும், அடிமைப்பட்டோர் தம் குடும்பத்துக்குத் திரும்பவும் விதிக்கப்பட்ட ஆண்டு அது. வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கம் அதிற் பாதிவழி வந்திருக்கிறது. ஞாயிறுதோறும் ஆடவர் தண்ணீர்க் குடத்தைத் தாம் சுமந்து, தாய்மார் இளைப்பாறவும் பெண்மக்கள் புத்தகத்தோடு அமரவும் இடந்தருவார்களாக. எஞ்சிய பாதிவழிக்கு அதுவே நல்ல தொடக்கமாகும்.